பைக்குள் தங்கிவிடும் கடிதம்

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். அவருடைய மகன் இந்த ஆண்டு தமிழ்ப்பள்ளியில் ஆண்டு 1 சேர்ந்திருக்கிறான். பள்ளிக்குச் சுகாதாரக் குழு வரப்போகிறது என்று மலாயில் அச்சடித்த பாரம் ஒன்று வீட்டுக்கு வந்திருக்கிறது. பையன் நன்றாகத்தானே இருக்கிறான், கையெழுத்துப் போடத்தான் வேண்டுமா என்பது முதல் கேள்வி. மூத்த மகளுக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் இதேபோல் வந்த குழு ஒரு கடிதம் கொடுத்ததாம். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர். விடுப்பு எடுக்க முடியாமல் அதை அப்படியே விட்டுவிட்டார். அந்தக் கடிதத்தால் இனிப் பயன் உண்டா என்பது இரண்டாவது கேள்வி.

முதல் கேள்விக்கு ஒரு வரி போதும், தங்கச்சி. இன்றைக்கே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுங்கள். இரண்டாவது கேள்விக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நான் பேராக்கில் 31 ஆண்டுகள் அரசாங்கத் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள். அதில் பாதிக்கு மேல் பள்ளிச் சுகாதாரக் குழுவில்தான் கழிந்தது. எடை பார்க்கும் தராசும் ஊசி மருந்து வைத்த குளிர்ப்பெட்டியுமாகத் தோட்டத்துச் செம்மண் சாலைகளில் எத்தனையோ காலை நேரங்கள் போயிருக்கிறேன். நான் கண்டது இதுதான்: பள்ளிக்கூடத்தில் நாங்கள் செய்வது கண்டுபிடிக்கிற வேலை மட்டுமே. குணமாக்குகிற வேலை அந்தக் கடிதத்தோடு வீட்டுக்குப் புறப்படுகிறது. பல கடிதங்கள் வீடு போய்ச் சேர்வதே இல்லை.

முதலில் பாரத்தை முடித்துவிடுவோம். "கெபெனாரான்" என்றால் அனுமதி. "செத்துஜு" என்றால் சம்மதம், "தீடாக் செத்துஜு" என்றால் சம்மதமில்லை. அவசரத்தில் மாற்றிக் குறித்து அனுப்பிய பெற்றோர்களைப் பார்த்திருக்கிறேன். பிள்ளை வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் ஊசி போடாமலே திரும்பிப் போகும். "அலாஹான்" என்று இருக்கும் இடம் ஒவ்வாமைக்கு உரியது. மருந்தோ முட்டையோ எது ஒத்துக்கொள்ளாதோ அதை அங்கே எழுதுங்கள். வலிப்பு, இருதயக் கோளாறு, ஆஸ்துமா, ஜி6பிடி என்னும் பிறவி இரத்தக் குறைபாடு எதுவாக இருந்தாலும் மறைக்காதீர்கள். பெண் பிள்ளை, நாளைக்கு நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று ஆஸ்துமாவை மறைத்த ஒரு தாயை எனக்குத் தெரியும். அந்தப் பெண் திடலில் ஓடி மூச்சு வாங்கி நின்றபோது, அவளுடைய மூச்சு மருந்துப் பம்ப் வீட்டில் அலமாரிக்குள் இருந்தது. ஆசிரியருக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. ஜி6பிடி குறைபாடு உள்ள பிள்ளைக்குப் பாச்சை உருண்டை ஆகாது. அதைப் போட்டு வைத்த துணியை உடுத்தினாலே இரத்த அணுக்கள் உடையக்கூடும். பிறந்தபோது ஆஸ்பத்திரியில் கொடுத்த குழந்தைச் சுகாதாரப் புத்தகத்தில் இதைப் பற்றிக் குறிப்பு இருக்கும். புரட்டிப் பாருங்கள். அந்தப் புத்தகத்தையும் பாரத்தோடு அனுப்புங்கள். முந்தைய ஊசிகளின் கணக்கு அதில்தான் இருக்கிறது.

பள்ளிச் சுகாதாரச் சேவை மலேசியாவில் 1967இல் தொடங்கியது. ஆண்டு 1 பிள்ளைகளுக்கு உயரம், எடை, கண் பார்வை பார்ப்போம். தோல், தலைமுடி, காது, தொண்டை, முதுகெலும்பு எல்லாம் பார்ப்போம். இருதயத்தில் வேண்டாத சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்துக் கேட்போம். ஏழு வயதில் டிப்தீரியா என்னும் தொண்டை அடைப்பானுக்கும் ரணஜன்னிக்கும் ஊக்கத் தடுப்பூசி உண்டு. குழந்தையாக இருந்தபோது போட்ட ஊசியின் பலம் நாளடைவில் குறைந்துவிடும். அதைத் திரும்ப ஏற்றுவதற்குத்தான் இது. டிப்தீரியா பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2016இல் இந்த நாட்டிலேயே, தடுப்பூசி போடாத பிள்ளைகள் அதற்குப் பலியானார்கள். பிறகு இடைநிலைப் பள்ளியில் பெண் பிள்ளைகளுக்குப் 13 வயதில் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான தடுப்பூசி. இது 2010 முதல் இருக்கிறது. எல்லாருக்கும் 15 வயதில் ரணஜன்னிக்கு மறுபடியும் ஓர் ஊசி. இவற்றுக்கெல்லாம் ஒரு காசு கட்ட வேண்டியதில்லை. அன்றைக்குக் காலையில் பிள்ளைக்கு ஏதாவது சாப்பிடக் கொடுத்து அனுப்புங்கள். வெறும் வயிற்றோடு ஊசி வரிசையில் நின்று தலைசுற்றி விழுகிற பிள்ளைகள் அதிகம். காய்ச்சல் இருந்தால் ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். ஊசி தள்ளிப் போடப்படுமே தவிர விட்டுப்போகாது.

இதற்கெல்லாம் முன்பு தோட்டத்தில் ஒருவர் இருந்தார். டிரசர் ஐயா. தோட்டத்து ஆஸ்பத்திரியில் உதவியாளராக இருந்த அவர்களுக்கென்றே 1965இல் ஒரு பதிவுச் சட்டம் வந்தது என்றால், அவர்கள் எத்தனை பேருக்கு உயிர்நாடியாக இருந்தார்கள் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அந்த ஏற்பாட்டில் குறைகள் நிறைய. மருந்து போதாது, மேலே அனுப்பத் தாமதம், தோட்டத்துக் கணக்கரான கிராணியின் தயவு வேண்டும். எல்லாம் உண்மை. ஆனால், லயத்து வீடுகளில் எந்தப் பிள்ளைக்குக் காதில் சீழ் வடிகிறது, எந்தப் பிள்ளை மண் தின்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பிள்ளையை அழைத்து வரவில்லை என்றால் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்திலேயே தகப்பனைப் பிடித்துக் கேட்பார். பிறகு தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டன. சனங்கள் பட்டணத்து ஓரத்துத் தாமான் குடியிருப்புகளுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் போனார்கள். அப்படித் தேடிப் பிடித்துக் கேட்கிற ஆள் இல்லாமல் போனார். கிளினிக் முன்பைவிட அருகில் வந்திருக்கிறது, மருத்துவமும் எவ்வளவோ முன்னேறியிருக்கிறது. "அந்தப் பிள்ளையை ஏன் இன்னும் கொண்டுவரவில்லை?" என்று கேட்கும் குரல்தான் காணாமல் போய்விட்டது. கடிதங்கள் பைக்குள் தங்கிவிடுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஒரு கடிதத்தின் கதையைச் சொல்கிறேன். ஒரு தோட்டப் பள்ளியில் ஆண்டு 1 பிள்ளைகளுக்குக் கண் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு மீட்டர் தள்ளி அட்டையை மாட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு எழுத்தைச் சொல்லச் சொல்வோம். எழுத்துத் தெரியாத பிள்ளைக்கு மூன்று கால் வைத்த படம் இருக்கும். கால்கள் எந்தப் பக்கம் நீட்டியிருக்கின்றன என்று விரலால் காட்டினால் போதும். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். உள்ளங்கையால் மூடச் சொன்னால் விரல் இடுக்கில் பார்ப்பார்கள்; வரிசையில் நிற்கும்போதே முன்னால் நிற்பவன் சொல்வதைக் கேட்டு மனப்பாடம் செய்துவிடுவார்கள். அதனால் நான் எப்போதும் ஓர் அட்டைத் துண்டை வைத்து மூடுவேன், வரிசையையும் மாற்றி மாற்றிக் கேட்பேன். இரட்டைச் சடையில் சிவப்பு ரிப்பன் கட்டிய ஒரு பெண் வந்தாள். இடது கண்ணை மூடினேன். கடைசி வரிவரைக்கும் கடகடவென்று சொன்னாள். அட்டையை வலது கண்ணுக்கு மாற்றினேன். அவள் என் கையைத் தள்ளினாள். மறுபடியும் மூடினேன், தலையைத் திருப்பி, அட்டையின் ஓரத்தால் எட்டிப் பார்க்க முயன்றாள். மூன்றாவது முறை உதடு துடிக்க ஆரம்பித்துவிட்டது. மேலே இருந்த பெரிய எழுத்துக்குக் கீழே அவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஆறு வருடமாக ஒரே கண்ணால் உலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை. அது அவளுக்கும் தெரியாது, வீட்டுக்கும் தெரியாது.

சோம்பேறிக் கண் என்று இதைச் சொல்கிறார்கள். கண்ணில் புண்ணோ பூவோ இருக்காது. ஒரு கண்ணிலிருந்து மங்கலான படம் வருவதால், மூளை அதை ஒதுக்கிவிட்டு மற்றக் கண்ணையே நம்பிப் பழகிவிடுகிறது. சரியான கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் ஒட்டி மூடி, சோம்பிய கண்ணை வேலை வாங்கினால் பார்வை திரும்பும். ஆனால் இதற்குக் காலக்கெடு உண்டு. ஏழு, எட்டு வயதுக்குள் தொடங்கினால் பலன் மிக அதிகம். அதற்குப் பிறகு ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே போகும். கடிதம் எழுதினேன். கீழே "அவசரம்" என்று கோடிட்டேன். பிள்ளையின் கையில் கொடுத்து, அம்மாவிடம் கொடுக்க வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னேன். அத்தோடு என் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

மூன்று ஆண்டுகள் கழித்து அதே பள்ளிக்கு வேறொரு வேலையாகப் போனபோது, அந்தப் பெண் முன் வரிசையில் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி இல்லை. "மிஸ்ஸி கொடுத்த கடிதத்தை அம்மாவிடம் கொடுத்தாயா?" என்று கேட்டேன். விழித்தாள். பள்ளிப் பையைக் கொண்டுவரச் சொல்லி இருவருமாகத் தேடினோம். அக்காவிடமிருந்து வந்த பை. அடியில் ஒரு கெட்டி அட்டை போட்டிருந்தது. அந்த அட்டைக்குக் கீழே, மைலோ சிந்திக் காய்ந்த கறையோடு, நான்காக மடித்த என் கடிதம் இருந்தது. நான் போட்ட கோடு அப்படியே இருந்தது. அந்த வாரமே தாய் அழைத்துக்கொண்டு போனார். மருத்துவர்கள் செய்யக்கூடியதைச் செய்தார்கள், கொஞ்சம் தேறியது. ஏழு வயதில் போயிருந்தால் கிடைத்திருக்க வேண்டியது கிடைக்கவில்லை. தாயைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எத்தனை பிள்ளைகளைப் பார்த்தேன் என்று மாதா மாதம் கணக்கு எழுதிக் கொடுத்த நான், எத்தனை பேர் கிளினிக்குக்குப் போய்ச் சேர்ந்தார்கள் என்று ஒரு முறையும் கணக்கெடுக்கவில்லை. அன்றிலிருந்து என் கைப்பையில் தனியாக ஒரு நோட்டு வைத்துக்கொண்டேன். பெயர், வகுப்பு, எதற்கு அனுப்பினேன், போனார்களா இல்லையா. ஓய்வு பெறும்வரை அந்த நோட்டு இல்லாமல் நான் பள்ளிக்குப் போனதில்லை.

கடிதம் வீட்டுக்கு வந்து சேர்ந்தாலும் ஏன் நின்றுவிடுகிறது என்பதும் எனக்குத் தெரியும், தங்கச்சி. அரசாங்கக் கிளினிக்கில் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளி, அதாவது ஒரு ரிங்கிட். நிபுணர் கிளினிக்கில் ஐந்து வெள்ளி. இதைக் காட்டி, "இலவசம் மாதிரித்தானே, ஏன் வருவதில்லை?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மறுபக்கத்தைக் கணக்கிடுவதில்லை. 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதை 26 நாளுக்கு வகுத்தால் ஒரு நாளுக்கு 65 வெள்ளி. முதல் நாள் கிளினிக், இன்னொரு நாள் ஈப்போவில் நிபுணர், கண்ணாடி வாங்க மூன்றாவது நாள் என்றால் கிட்டத்தட்ட 200 வெள்ளி கையை விட்டுப் போகிறது. வேன் கூலி தனி. ஒரு வெள்ளி மருத்துவத்தின் உண்மையான விலை அது. அந்த விலையைக் குறைக்க என்ன வழி என்று பார்த்தால்தான் பிள்ளைகள் கிளினிக்குக்குப் போவார்கள்.

வழிகள் இருக்கின்றன. முதலாவது, சட்டம். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, ஒரு முதலாளியிடம் ஓராண்டு முடித்தவருக்கு ஆண்டுக்குக் குறைந்தது 8 நாள் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டால் 12, ஐந்து ஆண்டுகள் ஆகிவிட்டால் 16. நாள் சம்பளக்காரருக்கும் இது பொருந்தும். "நமக்கெல்லாம் ஏது லீவு?" என்று எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்! உங்கள் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள், வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் கேளுங்கள். கிளினிக்கில் தேதி வாங்கியதும் அந்த அட்டையைக் காட்டி முன்கூட்டியே விண்ணப்பம் கொடுங்கள். வேலை முடிந்ததும் பதிவு முகப்பில் டைம் சிலிப் கேட்டு வாங்குங்கள்; எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை அங்கே இருந்தீர்கள் என்பதற்கு அது சாட்சி. அது மருத்துவ விடுப்பு ஆகாது. ஆனாலும் நீங்கள் சொல்வது உண்மை என்று காட்டும்.

இரண்டாவது, எல்லாவற்றுக்கும் தாயே போக வேண்டும் என்பதில்லை. சாதாரணப் பரிசோதனைக்குப் பாட்டி அழைத்துப் போகலாம். ஊசிக்கும் அறுவை சிகிச்சைக்கும்தான் பெற்றோரின் கையெழுத்து வேண்டும். மூன்றாவது வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு பள்ளியில் தலைமையாசிரியரும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரும் சேர்ந்து செய்தார்கள். குழு வந்து போனதும், கடிதம் பெற்ற பிள்ளைகளின் பெயர்களை எழுதிக்கொண்டார்கள். கிளினிக்கில் பேசி எல்லாருக்கும் ஒரே நாள் வாங்கினார்கள். பள்ளி வேன் ஒன்றில் ஒன்பது பிள்ளைகள், உடன் இரண்டு தாய்மார்கள், மற்றவர்களின் சம்மதக் கடிதங்கள் ஓர் உறையில். மதியம் ஒரு மணிக்கெல்லாம் திரும்பிவிட்டார்கள். ஒன்பது பேருடைய சம்பளம் போக வேண்டிய இடத்தில் இரண்டு பேர் மட்டும் விடுப்பு எடுத்தார்கள். அந்த இருவருக்கும் சங்கம் ஒரு தொகை கொடுத்தது. பெரிய பணம் ஏதும் செலவாகவில்லை. யாரோ ஒருவர் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்ததுதான் வித்தியாசம். தமிழ்ப்பள்ளிகளுக்குக் கணினி அறை, மண்டபம், வளைவு என்று நன்கொடை கொடுக்கும் நல்லவர்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்களிடம் நான் கேட்பது ஆண்டுக்கு இரண்டு நாள் வேன் வாடகை. கண்ணாடிக்குப் பணம் இல்லையென்றால், ஆண்டுத் தொடக்கத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் அரசாங்கம் தரும் 150 வெள்ளி உதவிநிதி இருக்கிறது. புதுப் பையைவிடக் கண்ணாடி முக்கியம்.

கடிதத்தில் என்ன எழுதியிருந்தால் எவ்வளவு அவசரம் என்பதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கண்ணைச் சொல்லிவிட்டேன். அடுத்து, கழுத்து. பின்கழுத்தில் கறுப்பாக, வெல்வெட் துணி மாதிரி தடித்து ஒரு பட்டை ஓடும் பிள்ளைகளை இப்போது அதிகம் பார்க்கிறேன். அது அழுக்கு என்று நினைத்துப் பீர்க்கங்காய் நாரால் தோல் சிவக்கத் தேய்த்திருப்பார்கள் தாய்மார்கள். அது அழுக்கு இல்லை. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் திணறுவதன் அடையாளம் அது. பெரும்பாலும் எடை கூடிய பிள்ளைகளிடம் தெரியும். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் ஏறக்குறைய மூவரில் ஒருவர். தாத்தாவின் காலை எடுத்ததையும் பெரியம்மா டயாலிசிஸ் போவதையும் பார்த்து வளர்கிற பிள்ளைகள் நம்முடையவை. அந்த நோய் பத்து வயதிலேயே கழுத்தில் வந்து எழுதிக் காட்டுகிறது. இந்தக் கட்டத்தில் பெரும்பாலும் மாத்திரைகூட வேண்டியதில்லை. இனிப்புத் தண்ணீரை நிறுத்தி, மாலையில் ஓடி விளையாட விட்டு, எடை இறங்கினால் அந்தக் கறுப்பும் மெல்ல மங்கும். பிள்ளையைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டு, குளிர்பெட்டியில் இருக்கும் இனிப்புப் போத்தலை எடுங்கள்.

அடுத்து பல். பள்ளிப் பல் மருத்துவக் குழுவும் வரும், அதுவும் இலவசம். பிள்ளைகளுக்குப் பல் பார்க்கும் தாதிகளைப் பயிற்றுவிக்க 1949இலேயே பினாங்கில் பயிற்சிப் பள்ளி திறந்த நாடு இது. ஆனாலும் ஒரு தவறான நம்பிக்கையால் ஆயிரக்கணக்கான நல்ல பற்கள் போகின்றன. ஆறு வயதில், பால்பற்களுக்கெல்லாம் பின்னால், கடைசியில் ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். அதற்காக எந்தப் பல்லும் விழாது, சத்தமில்லாமல் வரும். அதனால் அதையும் பால்பல் என்றே எண்ணி, "சொத்தையா, விழுந்து முளைக்கும்" என்று விட்டுவிடுகிறார்கள். விழுந்தால் முளைக்காது. சாகும்வரை மென்று தின்ன வேண்டிய பல் அது. இன்று இரவு பிள்ளையின் வாயைத் திறந்து, கைப்பேசி வெளிச்சத்தில் கடைசிப் பல்லைப் பாருங்கள். சொத்தை இல்லாமல், பல்லின் மேல் வரிப்பள்ளங்கள் மட்டும் ஆழமாக இருந்தால் பல் மிஸ்ஸி அவற்றைப் பூசி அடைத்துவிடுவார். ஐந்து நிமிட வேலை, வலி கிடையாது.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். காதில் சீழ் வடிந்தால் பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை ஊற்றாதீர்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் உள்ளே போய்விடும். "சொன்னதைக் கேட்பதில்லை" என்று ஆசிரியர் திட்டுகிற பிள்ளைக்கு உண்மையிலேயே காது கேட்காமல் இருக்கலாம். சொறிக்குக் கிளினிக்கில் மருந்து கொடுத்தால், வீட்டில் எல்லாரும் ஒரே இரவில் பூச வேண்டும், விரிப்புகளையும் துவைக்க வேண்டும். பிள்ளைக்கு மட்டும் பூசினால் பதினைந்தாவது நாள் திரும்ப வரும். செருப்பில்லாமல் தோட்டத்து மண்ணில் நடக்கிற பிள்ளைக்குக் கொக்கிப்புழு பாதத்து வழியாகவே ஏறும். அது குடலில் இருந்து இரத்தத்தைக் குடிக்கும். பிள்ளை வெளுத்து, வகுப்பில் தூங்கி வழியும். கடிதத்தில் இரத்தசோகை என்று இருந்தால் புழு மருந்தைப் பற்றியும் கேளுங்கள். காலையில் கோப்பியும் பிஸ்கட்டும் மட்டும் கொடுத்து அனுப்புவதை மாற்றுங்கள். கோப்பியும் தேநீரும் உணவில் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். ஐந்தரைக்கே வேலைக்குக் கிளம்புகிற உங்களுக்குக் காலையில் சமைக்க நேரம் இருக்காது என்பது எனக்குத் தெரியும். அதற்காகத்தான் பள்ளிகளில் 1979 முதல் துணை உணவுத் திட்டம் இருக்கிறது. வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே இலவச உணவு. ஏழை என்று பெயர் வந்துவிடும் என்று கூச்சப்பட்டு விண்ணப்பிக்காதவர்கள் இருக்கிறார்கள். அது உங்கள் வரிப்பணம். பெயரைக் கொடுங்கள்.

ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களிடமும் ஒரு வேண்டுகோள். கடிதத்தை ஏழு வயதுப் பிள்ளையின் கையில் கொடுத்தனுப்பாதீர்கள். பெற்றோரின் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் பிள்ளையின் பெயரைப் போட்டு அறிவிக்கவும் வேண்டாம்; பேன், சொறி, எடை என்று நாலு பேர் பார்க்க எழுதினால் அந்தத் தாய் அதற்குப் பிறகு பள்ளிப் பக்கமே வரமாட்டார். தனியாகக் கூப்பிட்டுத் தமிழில் இரண்டு வரி சொல்லுங்கள். என்ன கோளாறு, எத்தனை நாளுக்குள் போக வேண்டும், எந்தக் கிளினிக். மலாய்க் கடிதத்தைப் படிக்கத் தெரியாதவர்கள் "ருஜுக்கான்" என்ற ஒரு சொல்லைத் தெரிந்துவைத்துக்கொண்டால் போதும். பரிந்துரை என்று பொருள். அந்தச் சொல் இருக்கிற தாளை எறியாதீர்கள்.

இனி உங்கள் மகளுக்கு வருகிறேன், தங்கச்சி. கடிதம் இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள். மூன்று ஆண்டு பழையது என்று யாரும் திருப்பி அனுப்பமாட்டார்கள். தொலைந்துபோயிருந்தாலும் பரவாயில்லை. பள்ளியில் அவளுடைய மாணவர் சுகாதாரப் பதிவேடு இருக்கும். அன்றைக்கு என்ன கண்டோம் என்று அதில் எழுதியிருப்போம். வகுப்பாசிரியரிடம் கேட்டு அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஏன் இவ்வளவு தாமதம் என்று யாராவது முகத்தைச் சுளித்தால், பதில் சொல்லிக்கொண்டு நிற்காதீர்கள். பிள்ளையைக் காட்டிவிட்டு வாருங்கள்.

எதற்காகக் கொடுத்த கடிதம் என்று நீங்கள் எழுதவில்லை. கண்ணாக இருக்குமோ என்பதுதான் என் பயம். இன்று இரவு ஒன்று செய்து பாருங்கள். கூடத்துச் சுவரில் தேதி கிழிக்கும் நாட்காட்டி இருக்குமே, அதற்கு எதிர்ச் சுவரோரம் அவளை நிற்க வையுங்கள். ஓர் அட்டையை எடுத்து முதலில் இடது கண்ணை மூடி, தாளில் உள்ளதைப் பெரிய எண்ணிலிருந்து சின்ன எழுத்துவரை படிக்கச் சொல்லுங்கள். பிறகு வலது கண்ணை மூடுங்கள். அவளுக்குத் தெரியாமல் தாளைக் கிழித்து மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் மனப்பாடமாகச் சொல்லிவிடுவாள். இரண்டு கண்ணாலும் ஒன்றுபோலப் படித்தால் இந்த வாரத்தில் ஒரு நாள் பார்த்துப் போகலாம். வீட்டில் பார்ப்பது கிளினிக்கில் பார்ப்பதற்கு ஈடாகாது என்பதால் எப்படியும் போகத்தான் வேண்டும். ஒரு கண்ணை மூடியதும் அவள் தலையைத் திருப்பினாலோ, உங்கள் கையைத் தள்ளினாலோ, நாளைக்கே மண்டோருக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, கிளினிக் கதவு திறக்கும் முன் போய் முதல் நம்பரை எடுத்துவிடுங்கள்.